அன்னைக்கு டீ சொல்லவே இல்ல

போன்ல மகனையாண்ணே வஞ்சீங்க? ஒட்டுக் கேக்கல, பக்கத்து சீட்டுல இருக்கதால காதுல விழுந்துருச்சு. தப்பா நெனச்சுக்காதீங்க. 'வீட்டுக்கு வந்தேன்னா போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவேன்'னு சொன்னீங்கள்ல, அத மட்டுந்தான் கேட்டேன். எத்தனாவது படிக்கிறான்? ஒம்போதா. வினையான வயசுதான்.

நான் குடுத்தேண்ணே. எம்மகன நானே கூட்டிட்டுப் போயி குடுத்தேன்.

பதறாதீங்க. குடுக்கிறது தப்புன்னு சொல்ல வரல. குடுக்கலாம். ஆனா இன்ஸ்பெக்டர் அய்யா ஸ்டேஷன்ல இருக்காரா, இல்ல கோர்ட்டுக்கு கீட்டுக்குப் போயிட்டாரான்னு விசாரிச்சுட்டுக் குடுக்கணும். நான் விசாரிக்காமப் போயிட்டேன். அம்புட்டுதான் நடந்த தப்பு.

கோர்ட் ஸ்டாப்பு வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. இந்தக் கூட்டத்துல எனக்கு வெளிய ஒண்ணும் தெரிய மாட்டேங்குது, நீங்க ஜன்னலோரம் இருக்கீங்க. அங்க ஒரு வக்கீலம்மாவப் பாக்கணும். பாக்கணும்னுதான் டிக்கெட் எடுத்துருக்கேன்.

நமக்கு டீக்கடைண்ணே. பேரு சோலைமலை. ஸ்டேஷன் காம்பவுண்டு செவத்துல சாச்சுத் தகரம் போட்ட கடை. தகரம் என்னது, செவரு அவங்களது. ஸ்டேஷனுக்குள்ள கேக்காம கொள்ளாம போயிட்டு வர்ற ஆளு இந்த ஊருல நான் ஒருத்தன்தான். தூக்குவாளியும் கிளாசுமாப் போனா, சென்ட்ரி கூடக் கால மடக்கி வழி விடுவாரு. யாருக்குச் சர்க்கரை கம்மி, யாருக்குச் சுக்குக் காபி, எல்லாம் எனக்கு அத்துப்படி.

அதனால அங்க நடக்கிறது எல்லாம் பாத்துருக்கேன். பெத்தவங்க பயலுகளக் கூட்டிட்டு வருவாங்க. பள்ளிக்கூடம் போக மாட்டேங்குறான், கூல் லிப் புகையிலை போடுறான், அம்மாவ எதுத்துப் பேசுறான். 'அய்யா, கொஞ்சம் கவனிச்சு அனுப்புங்க'ம்பாங்க. தவமணி ஏட்டய்யாதான் அதுக்குக் கைராசிக்காரரு. பயல உள்ள கூப்புட்டு, சட்டை டவுசரக் கழட்டச் சொல்லி, ஜட்டியோட ரைட்டர் மேசைக்குக் கீழ உக்கார வச்சுருவாரு. ஒண்ணும் பேச மாட்டாரு. லத்திய மேசை மேல வச்சுட்டு அவரு பாட்டுக்கு வேலையப் பாப்பாரு. கொஞ்ச நேரத்துல பய ஒன்னுக்குப் போயிருவான். அப்புறம் ரெண்டு அதட்டு, ஒரு தட்டு. அழுது முடிச்சதும் வாசல்ல நின்னு, 'சோல, ஒரு டீ'ம்பாரு.

அந்த டீதான் கணக்கு. டீ சொல்லிட்டா முடிஞ்சுதுன்னு அர்த்தம். நானே கொண்டு போயிக் குடுப்பேன். பய விக்கி விக்கிக் குடிப்பான். பெத்தவ வெளிய நின்னு கண்ணத் தொடப்பா. கூட்டிட்டுப் போயிருவாங்க. வாழக்காக் கடைக்காரர் மகன், லைன்மேன் மகன், எத்தனையோ பேரு. 'கூட்டிட்டு வாங்க, ஏட்டய்யா பாத்துக்குவாரு'ன்னு சொல்லிவிட்டதே நான்தான். இப்ப அதுல ஒரு பய வெல்டிங் பட்டறைக்கு ஒழுங்கா வேலைக்குப் போறான். பாத்தா வணக்கம் வைப்பான்.

எம்மகன் பேரு யோகேசு. பதினாறு முடிஞ்சிருச்சு. பிளஸ் ஒன்னு. சாயந்தரம் கடையில வந்து கிளாஸ் கழுவுவான். கெட்ட பயன்னு சொல்ல முடியாது. ஆனா வாய தொறக்க மாட்டான். கேட்டா ஒரு பதிலு, கேக்கலைன்னா அதுவும் இல்ல. அவன் அம்மா ஜெயக்கொடி மாதிரி.

ஒரு நாள் அவன் பையில என்னமோ தேடப் போயி ஒரு போனு கெடைச்சுச்சு. பெரிய போனு. நம்ம சக்திக்கு மீறுன போனு. செத்துக் கெடந்துச்சு, சார்ஜ் இல்ல. 'ஏதுடா'ன்னேன். 'கடை பெஞ்சுக்கு அடியில கெடந்துச்சுப்பா, யாராச்சும் கேட்டு வந்தா குடுக்கலாம்னு எடுத்து வச்சேன்'ங்குறான். 'ஏண்டா எங்கிட்ட சொல்லல'ன்னா, 'நீங்க மொதல்ல அடிச்சுட்டுத்தான் கேப்பீங்க'ன்னான்.

எப்படிப் பேச்சு பாத்தீங்களா? அந்தப் பேச்சுக்குத்தான் ரெண்டு வச்சேன்.

பெஞ்சுல யாரு போன விடுவா சொல்லுங்க. நம்ம பெஞ்சுல உக்காருறது பூரா போலீஸ்காரங்களும் வக்கீல் குமாஸ்தாவும். விட்டா கேட்டு வர மாட்டாங்களா? அந்த வாரம் பெஞ்சுல எதையாச்சும் தேடுனதுன்னா ஏட்டய்யா ஒருத்தர்தான். குனிஞ்சு அடியில தொழாவிக்கிட்டு இருந்தாரு. 'என்னங்கய்யா'ன்னேன். 'ஒண்ணுமில்லய்யா, பீடிக்கட்டு'ன்னாரு. நானும் குனிஞ்சு தேடிக் குடுத்தேன், கெடைக்கல. வேற ஒருத்தரும் ஒண்ணும் தேடல. அப்ப இந்தப் பய பொய்தான் சொல்றான். அப்படித்தானே எந்தத் தகப்பனும் நெனப்பான்?

ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன். வர மாட்டேன்னு சொல்லல. செருப்ப மாட்டிக்கிட்டுப் பின்னாடியே வந்தான். பயம் இல்லாம வாறான் பாரு, நல்லா ஊறியிருக்கான்னு நெனச்சேன்.

இன்ஸ்பெக்டர் அய்யா இல்ல. புதுசா வந்த எஸ்ஐ ஒருத்தர், சின்ன வயசு, அவரு இருந்தாரு. அவருக்கு நம்ம வழக்கம் தெரியாதுல்ல. ஏட்டய்யா ஓரமா நின்னாரு. நான் ஏட்டய்யாவப் பாத்து ஒரு கண்ணக் காட்டிட்டு எஸ்ஐ கிட்ட சொன்னேன். 'இவன் போன் திருடிட்டான்யா. எங்கிட்ட ஒத்துக்கிட்டான். கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சுருங்க.'

ஒத்துக்கல அவன். நான்தான் சேத்துச் சொன்னேன். பயம் பிடிக்கணும்ல. வாத்தியார் கிட்ட நாம சொல்றதில்லையாண்ணே, தோல உரிங்கன்னு? உரிச்சாவா விட்டாரு வாத்தியாரு? அது ஒரு பேச்சு.

எஸ்ஐ போன வாங்கி சார்ஜ் போட்டு என்னமோ நம்பரப் பாத்தாரு. பாத்துட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு. ரயில்வே காலனிப் பக்கம் ஒரு பெரியம்மாவ பைக்குல வந்தவங்க தள்ளிவிட்டுப் புடுங்குன போனாம் அது. அந்தம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சு பெரியாஸ்பத்திரில கெடக்காங்களாம். நான் ஏட்டய்யாவப் பாக்குறேன், அவரு என்னையப் பாக்கல. எஸ்ஐ, 'நீ சொன்னத எழுதித் தாரோம், கையெழுத்துப் போடுய்யா'ன்னாரு. கடையில அடுப்புல பாலு. பொங்கி வழியிற வாசம் எனக்கு அங்க அடிக்குது. படிச்சுப் பாக்குற நேரமா அது? போட்டுட்டு ஓடி வந்துட்டேன்.

அப்புறம் டீ போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஏட்டய்யா வாசலுக்கு வருவாரு, 'சோல, ஒரு டீ'ம்பாருன்னு. ஏலக்கா தட்டிப் போட்டேன், அவனுக்குப் பிடிக்கும். ஆறிப் போச்சு. கொட்டிட்டு வேற போட்டேன். ஒரு தடவ ஏட்டய்யா வெளிய வந்தாரு. நான் கிளாசத் தூக்கிட்டு எந்திரிச்சேன். பைக்க எடுத்துட்டுப் போயிட்டாரு.

அன்னைக்கு டீ சொல்லவே இல்லண்ணே.

இருட்டுறப்ப பின்பக்கமா ஒரு கார்ல ஏத்துனாங்க. கூடப் போன ரெண்டு பேரும் சாதா டிரெஸ்ல இருந்தாங்க. சின்னப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறப்ப காக்கி போடக் கூடாதாம், பிள்ள மனசு கெட்டுப் போகுமாம். சட்டத்துலயே இருக்காம். நல்ல சட்டம். பகல் பூரா ஜட்டியோட மேசைக்கு அடியில கெடந்தான்.

வீட்டுக்குப் போயிச் சொன்னேன். ஜெயக்கொடி அழுவான்னு பாத்தா அழல. 'அவன் எடுக்கலைன்னு சொன்னானா, இல்லையா?' அம்புட்டுதான் கேட்டா. 'சொன்னான்'னேன். அன்னையிலேருந்து எங்கிட்டப் பேசுறதில்ல. சோத்த வச்சுட்டுப் போயிருவா. நான் என்ன ஊரான் பிள்ளையவா குடுத்தேன்? பெத்தவனுக்கு அதுக்குக் கூட உரிமையில்லையா?

கூர்நோக்கு இல்லம்னு போட்டுருக்காங்க. செவரு மட்டும் ஜெயில் செவரு மாதிரி இருக்கு. மொத தடவ பாக்கப் போனப்ப அடையாளம் தெரியல, தலைய ஒட்ட வெட்டி விட்டுருந்தாங்க. முறுக்குக் கொண்டு போனேன். ஒரு கையால பொட்டலத்த மறைச்சுக்கிட்டு மறு கையால அள்ளி அள்ளித் திங்கிறான். யாரோ புடுங்கிருவாங்கங்கிற மாதிரி. எம்மகன் அப்படித் திங்க மாட்டாண்ணே. இட்லியக் கூடப் பிச்சு வச்சு உக்காந்துருப்பான். 'மெல்லத் தின்னுடா'ன்னேன். 'சரிங்க சார்'னான்.

அங்க எல்லாரையும் சார்னு கூப்புடணுமாம். வாயில வந்துருச்சு போல. அடுத்த தடவையும் அப்படித்தான் சொன்னான்.

இதுக்கு நடுவுல நன்னடத்தை ஆபீசருன்னு ஒரு தம்பி வீட்டுக்கு வந்தாரு. பையன் வீட்டுல எப்படி, பழக்கவழக்கம் எப்படின்னு எழுதிக்கிட்டாரு. ஜெயக்கொடி உள்ள இருந்து, 'எம்பிள்ளை தங்கம் சார்'னா. அதுவா சொல்றது ஆபீசர்கிட்ட? செல்லங் குடுத்துக் கெடுத்துட்டாங்கன்னு நெனைக்க மாட்டாரு? நான் அவள அடக்கிட்டு, 'சொன்ன பேச்சு கேக்க மாட்டான் சார், கண்ட பயலுகளோட சுத்துறான், எங்களால முடியல, நீங்கதான் பாத்துத் திருத்தணும்'னேன். மருவாதிக்குச் சொல்றது. பெரிய மனுசங்க வீட்டுக்கு வந்தா வேற என்ன சொல்லுவோம்? அவரும் சரி சரின்னு எழுதிக்கிட்டுப் போனாரு. டீ கூடக் குடிக்கல.

சர்க்கார் குடுத்த வக்கீலம்மா பேரு பர்வீன். சின்னப் பொண்ணு. அவங்க சொன்னாங்க, 'அண்ணே, பையன் மேல இருக்கிறது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு போனு, இன்னொண்ணு உங்க வாய். ஒத்துக்கிட்டான்னு நீங்க சொன்னது பொய்யின்னா, சின்னப் பயலுக கேச விசாரிக்கிற போர்டு முன்னாடி அதச் சொல்லிருங்க. அப்புறம் நான் பாத்துக்கிறேன்.' சரின்னுதான் இருந்தேன்.

மறுநாளே ஏட்டய்யா பெஞ்சுல வந்து உக்காந்தாரு. ரொம்பப் பிரியமாப் பேசுனாரு. 'சோல, சின்னப் பய கேசு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பிருவாங்க. நீ பல்டி அடிச்சேன்னு வையி, பொய் வாக்குமூலம்னு உம்மேல கேசு வரும். அப்புறம் இந்தக் கடை எப்படி இங்க இருக்கு, யாரு செவருல சாச்சுருக்குன்னு எஸ்ஐ கேப்பாரு. எனக்கு ஒண்ணுமில்ல, உன் நல்லதுக்குச் சொல்றேன்.' சொல்லணும்னு அவருக்கு என்ன தலையெழுத்து? தங்கமான மனுசன். டீயத் தவிர ஒரு பழக்கம் கெடையாது. பக்கத்துல எவனாச்சும் பீடி பத்த வச்சாலே மூக்கப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு.

என்னண்ணே? என்ன அப்படிப் பாக்குறீங்க?

இன்னைக்கு நடந்தத சொல்லிடறேன், இருங்க. இன்னைக்குத்தான் போர்டு. புதுச் சட்டை எடுத்துட்டுப் போனேன், இந்தா இந்தப் பையில இருக்கு. வீட்டுக்கு வர்றப்ப போட்டுட்டு வரட்டும்னு. ஜெயக்கொடி விடிஞ்சதும் கோழி வாங்கி வச்சுட்டா. பேசல, ஆனா வாங்கி வச்சுட்டா. உள்ள கூப்புடறதுக்கு முன்னாடி அவன் கையப் புடிச்சுச் சொன்னேன். 'யோகேசு, ஆமான்னு சொல்லிருடா. ஒரு வார்த்தைதான். மத்தியானம் வீட்டுல இருக்கலாம். அம்மா கோழி வாங்கியிருக்கா.' அதுவரைக்கும் எத்தனை பேரு கேட்டும் எடுக்கலை எடுக்கலைன்னே சொல்லிக்கிட்டு இருந்த பய. என்னைய ரொம்ப நேரம் பாத்தான்.

'சரிங்க சார்'னான்.

உள்ள நீதிபதியம்மா நல்லாத்தான் பேசுனாங்க. உக்காரச் சொன்னாங்க. தண்ணி குடுக்கச் சொன்னாங்க. அவன் ஆமான்னதும் பேனாவக் கீழ வச்சுட்டு, 'நீயாத்தான் சொல்றியா தம்பி? யாரும் சொல்லச் சொன்னாங்களா?'ன்னாங்க. வக்கீலம்மா என்னையப் பாக்குறாங்க. பயலும் என்னையப் பாக்குறான். நான் தலைய ஆட்டுனேன், சொல்லு சொல்லுன்னு. 'நானாத்தான்'னான்.

அவங்க ஒரு தாள எடுத்துப் படிச்சாங்க. சொன்ன பேச்சு கேக்க மாட்டான், கண்ட பயலுகளோட சுத்துறான், எங்களால முடியல, நீங்கதான் திருத்தணும்னு தகப்பனாரே சொல்லியிருக்காருன்னு. நான் சொன்னது அப்படியே இருக்கு. ஒரு எழுத்து மாறல. பெரியம்மாவுக்குக் காயம் பலமா இருக்கதாலயும், வீட்டுல கட்டுப்பாடு இல்லாததாலயும், ரெண்டு வருசம் சிறப்பு இல்லத்துல வச்சுப் படிக்க வைக்கணுமாம். வேற ஊருல. நாளைக்குக் காலையில அனுப்பிருவாங்க. படிக்க வைப்பாங்களாம்ணே. நான் என்ன படிக்க வைக்காமலா இருந்தேன்?

நான் எந்திரிச்சு, 'அம்மா, அது ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா'ன்னேன். 'எது?'ன்னாங்க. எதுன்னு சொல்லத் தெரியல. ஒத்துக்கிட்டான்னதா, திருத்துங்கன்னதா, தோல உரிங்கன்னதா. வெளிய கூட்டிட்டு வந்துட்டாங்க.

அவன் அழுகல. அழுதிருந்தாக்கூட எனக்கு நெஞ்சு ஆறியிருக்கும். 'கோழி எடுத்து வைக்க வேணாம்னு அம்மாட்ட சொல்லிருங்க'ன்னுட்டுப் போயிட்டான். அப்ப சாருன்னும் சொல்லல, அப்பான்னும் சொல்லல.

வெளிய வந்து வக்கீலம்மா என்னையத் திட்டித் தீத்துட்டாங்க. அப்புறம் அவங்களே, 'இன்னும் வழி இருக்குண்ணே. அப்பீல் போடலாம். அவன் ஒத்துக்கல, நான் சொன்னது பொய்யின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா, அனுப்புறத நிறுத்தி வைக்கச் சொல்லி காலையில மொத வேலையா மனு குடுத்துருவேன். ஆனா இன்னைக்கு ஆபீசுல வந்து போடணும். வீட்டுக்குப் போயிட்டு வாறேன், கடைக்குப் போயிட்டு வாறேன்னு சொல்லக் கூடாது. நேரா வரணும்'னாங்க. நேராத்தான் போறேன். அதுக்குத்தான் கோர்ட் ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்தேன்.

என்ன கேட்டீங்க?

பீடியா?

ஆமா, குடிக்க மாட்டாரு. அன்னைக்குத் தேடுனது... வேற யாருக்காச்சும் தேடியிருப்பாரு. இல்லண்ணே, நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. திருடன்கிட்டப் புடுங்குன போன எழுதாமக் கொள்ளாம சட்டைப்பையில வச்சுக்கிட்டாரு, அது நம்ம பெஞ்சுல விழுந்துருச்சுங்கிறீங்க. அவரப் போயா? தெனம் எங்கையால டீ குடிக்கிற மனுசன் அவரு. பய மேசைக்கு அடியில உக்காந்திருக்கான், அவரு அங்கதான நின்னாரு. தெரிஞ்சுகிட்டே நிப்பாரா ஒரு மனுசன்? என்னைய ஏன் பாக்கல அன்னைக்கு? நான் கண்ணக் காட்டுனேனே.

எனக்குப் பயமா இருக்குண்ணே. ஏன் கேட்டீங்க?

தெரியுது, கோர்ட் ஸ்டாப்புதான். கேட்டுச்சு. இருங்க. எந்திரிக்கிறேன். இம்புட்டுக் கூட்டத்துல எப்படி எறங்குறது? வக்கீலம்மா இதக் கேட்டா விட மாட்டாங்க, பீடிக்கட்டையும் சேத்து எழுதும்பாங்க. எழுதிட்டு நாளைக்கு யாருக்கு டீ ஊத்துறது நான்? கடை போனா ஜெயக்கொடிக்குக் கஞ்சி யாரு ஊத்துவா? ரெண்டு வருசம்னா ஓடிப் போயிரும்ணே, படிக்க வைப்பாங்களாம். இருங்க, இந்தக் காலு மரத்துப் போயிருச்சு. கண்டக்டர், கொஞ்சம் நிறுத்தி... எடுத்துட்டாரே. ஒரு நிமிசம் நிக்குறானா பாருங்க. நீங்களாச்சும் விசில் அடிக்கச் சொல்லியிருக்கலாம்ல? ஜன்னலோரம் இருக்கீங்கன்னுதான உங்ககிட்டச் சொன்னேன்.

சரி விடுங்க. அடுத்த ஸ்டாப்பு ஸ்டேஷன்தான். அங்க எறங்கி நடந்து கூட வந்துரலாம். கிட்டதான்.

உங்க பய ஒம்போதாவதுன்னீங்கள்ல? ஆளு உயரமா? அப்ப இந்தச் சட்டைய வச்சுக்கங்கண்ணே. பிரிக்கல, மடிப்புக் கலையல. வீட்டுக்குக் கொண்டு போனா அவ பாப்பா. பாத்துட்டு ஒண்ணும் பேச மாட்டா, அதுதான் என்னால தாங்க முடியாது. வாங்கிக்கங்க. அவன் வர்றதுக்குள்ள இது பத்தாமப் போயிரும்.

இருங்க, போனு அடிக்குது. ஜெயக்கொடின்னு நெனச்சேன், அவ இல்ல.

'அய்யா. ஆமாங்கய்யா, முடிஞ்சிருச்சுங்கய்யா. ரெண்டு வருசம்ங்கய்யா. ஆமாங்கய்யா. எத்தன? சரிங்கய்யா. ஏலக்கா போட்டே கொண்டு வாறேன். சர்க்கரை கம்மி, தெரியுங்கய்யா. இந்தா, வந்துட்டேன்.'

ஏட்டய்யாதாண்ணே. டீ சொல்றாரு.